நாள் சொல்வதும் மழை சொல்வதும்

பங்குனி பிறந்துவிட்டால் கடைத்தெருவில் புதுப் பஞ்சாங்கம் தொங்கத் தொடங்கிவிடும். வாங்குகிறவர்கள் முதலில் புரட்டுவது திதியும் நட்சத்திரமும் அச்சான பக்கங்களை அல்ல, முன்பக்கத்து வருஷ பலனைத்தான். இந்த ஆண்டு ராஜா யார், மந்திரி யார், மேகத்துக்கு அதிபதி யார், எத்தனை மரக்கால் மழை, தானியம் விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவார்கள். பஞ்சாங்கக் கணிதமே பிழைப்பாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த முன்பக்கத்தை எழுதக் கணக்கு தெரிந்த ஒருவனுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். உள்ளே இருக்கும் பன்னிரண்டு மாதக் கட்டங்களுக்கோ, கையால் கணக்குப் போட்ட காலத்தில், பல மாத உழைப்பு வேண்டியிருந்தது. அதிக உழைப்பில் பிறந்த பகுதியை யாரும் பேசுவதில்லை. ஒரு மாலையில் எழுதிய பகுதியைத்தான் சித்திரை முதல் நாள் கோயிலில் உரக்கப் படிக்கிறார்கள். பஞ்சாங்கம் உழவருக்குப் பயன்பட்டது நாள் சொன்னதனால். மழை சொன்னதனால் அல்ல. இந்த இரண்டும் ஒரே அட்டைக்குள் வருவதால் ஒன்றின் மதிப்பை மற்றது கடன் வாங்கிக்கொள்கிறது என்பதுதான் என் வாதம்.

நாள் சொல்வது எப்படி என்பதிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டின் பழைய முறை வாக்கியம். கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை எத்தனை நாள் கழிந்தது என்ற எண் கையில் இருக்க வேண்டும். அதிலிருந்து 12,372 நாள், 3,031 நாள், 248 நாள் என்று பெரிய கட்டுகளைக் கழித்துக்கொண்டே வந்தால் 248க்கு உட்பட்ட ஒரு மீதி நிற்கும். இந்த எண்கள் சும்மா வந்தவை அல்ல. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, விலகிப் போய், மறுபடி அதே அண்மைக்குத் திரும்ப இருபத்தேழரை நாளுக்குச் சற்று அதிகம் ஆகும். அப்படி ஒன்பது சுற்று முடியக் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். 110 சுற்றுக்கு 3,031 நாள், 449 சுற்றுக்கு 12,372 நாள். மீதி எத்தனையோ அத்தனையாவது வாக்கியத்தை எடுத்தால் சந்திரன் நகர்ந்த பாகை கிடைக்கும். வரருசியின் பெயரால் வழங்கும் அந்த 248 வாக்கியங்களில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்; மனப்பாடம் செய்தவனுக்கு ஏடு தேவையில்லை. சூரியனுக்கு மாதத்துக்கு நான்காக 48 வாக்கியங்கள் தனியாக உண்டு. சந்திரனிலிருந்து சூரியனைக் கழித்து 12 பாகைக்கு ஒன்றாக எண்ணினால் திதி; சந்திரனை மட்டும் 13 பாகை 20 கலையால் வகுத்தால் நட்சத்திரம். அதே 13 பாகை 20 கலையால் இரண்டையும் கூட்டி வகுத்தால் யோகம். திதியைப் பாதியாக்கினால் கரணம். கிழமை யாருக்கும் தெரியும். பிறகு ஊருக்கு ஊர் உதயம் பார்த்து, உதயத்திலிருந்து எத்தனை நாழிகைவரை அந்தத் திதி இருக்கிறது என்று கட்டத்தில் எழுத வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இதை ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் போட வேண்டும். ஒரு நாளில் விழுந்த கூட்டல் பிழை மறுநாள் திதியின் நீளத்தில் தலைகாட்டும். திதியின் நீளம் 54 நாழிகைக்குக் கீழே போகக் கூடாது, 65 நாழிகைக்கு மேலே போகக் கூடாது என்ற விதிதான் கணக்கனுக்குக் காவல்.

இந்தக் கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு வெளியார் சாட்சியே இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில், புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கணக்கர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் அதை ஆராய்ந்த வானியல் வரலாற்றாளர் நாய்கெபவுர், கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்ததாகச் சொல்கிறார். எழுதுகோல் தொடாமல் போட்ட கணக்குக்கு இது நல்ல மதிப்பெண். ஆனால் கிரகணம் அமாவாசையிலோ பௌர்ணமியிலோதான் வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய கணிதம் சந்திரனின் ஓட்டத்தில் ஒரே ஒரு பெரிய ஏற்றத்தாழ்வை, ஏறத்தாழ 5 பாகையளவில், சேர்த்துக்கொள்கிறது. உண்மையில் சூரியனின் இழுப்பால் வேறு சில ஏற்றத்தாழ்வுகளும் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அவை ஒன்றோடொன்று கழிந்து பழைய 5 பாகையே பெரும்பாலும் சரியாக நிற்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களிலோ பிழை இரண்டு பாகைக்கும் மேலே போய், திதி முடிகிற நேரம் ஐந்து மணி நேரம்வரை தவறும். கிரகணத்தைப் பார்த்துச் செப்பம் செய்த கணிதம் கிரகணத்துக்குச் சரியாக இருக்கிறது, நடுநாட்களில் தவறுகிறது. வானத்தைப் பார்த்துச் சரிபார்த்த இடம் சரி, பாராத இடம் பிழை. இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிக்கும் இதுவே அளவுகோல்.

வாக்கியமா, கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துக் கணிக்கும் திருக்கணிதமா என்ற சண்டை இங்கிருந்துதான் கிளம்பியது. சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பஞ்சாங்கத்தைக் கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும் என்று பாடுபட்டார். 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் 1955 அறிக்கையில் அதையே சொன்னது. கோயில்களும் குடும்பங்களும் இன்னும் இரண்டு கட்சியாக நிற்கின்றன. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வாக்கியப்படி 2023 டிசம்பர் 20இல் நடந்தது. திருக்கணிதத்தில் அதே பெயர்ச்சி அந்த ஆண்டு ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. கணிதத்தில் நான் திருக்கணிதப் பக்கம். ஆனால் உழவர் நோக்கில் பார்த்தால் இந்தச் சண்டையில் பொருளே இல்லை. நிலத்தில் விழுந்த விதைக்குச் சப்தமி மூன்று மணிக்கு முடிந்ததா எட்டு மணிக்கு முடிந்ததா என்பது தெரியாது. திதியால் உண்மையில் பயனடைகிறவர் கடலோரத்தில் இருக்கிறார்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகும், அஷ்டமியை ஒட்டித் தணியும். வயலுக்கு நிலா வெளிச்சம் உதவியது கதிரறுப்புக்கும் இரவில் களம் காப்பதற்கும்தான்.

வயலுக்கு வேண்டியது சூரியக் கணக்கு. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை வைத்து ஓடுவதால், ஆடி என்றால் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே பருவம். சந்திரனை வைத்து மாதம் எண்ணுகிற பகுதிகளில் இடையிடையே ஓர் அதிக மாதத்தைச் செருகித்தான் பருவத்தைப் பிடிக்க வேண்டும்; நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அதோடு, பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களில் பல, பகல் நீளம் குறையும்போதுதான் பூக்கும். ஒரு வாரம் முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் அவை ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கதிர் வாங்கும். மிகவும் பிந்திவிட்டால் பயிர் வளர நாள் போதாமல் குட்டையிலேயே பூத்து விளைச்சல் விழும். அப்படிப்பட்ட பயிருக்கு 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மூடநம்பிக்கை அல்ல, அப்பட்டமான பயிரியல். கத்திரி வெயிலையும் இதே வரிசையில் வைக்கலாம். சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணி முதல் பாதம்வரை போகும் மே 4 முதல் 28வரை நம் பக்கத்தில் வெயில் கடுமையாக இருப்பது வழக்கம். கேரளத்தில் சூரியன் திருவாதிரையில் இருக்கும் ஜூன் கடைசியில் மிளகுக்கொடி நடுவதும் இதே தர்க்கம்தான். நட்சத்திரம் எதையும் செய்யவில்லை. சூரியன் எங்கே நிற்கிறான் என்று காட்டும் மைல்கல் அது. ஊரே ஒரே பட்டத்தில் விதைப்பதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது: எலிக்கும் பூச்சிக்கும் வயலுக்கு வயல் மாறி மாறித் தீனி கிடைப்பதில்லை. இன்றைய வேளாண் அறிவியலும் ஒரே காலத்தில் நடவு செய்யத்தான் சொல்கிறது. பஞ்சாங்கத்தின் உண்மையான உழவுப் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பயனும் இரண்டு பக்கம் தேய்ந்து வருகிறது. முதலாவது, கணிதத்துக்குள்ளேயே உள்ள நகர்வு. வாக்கிய முறையின் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகைக்குச் சற்று மேல். பருவங்கள் திரும்புகிற ஆண்டு அதைவிட ஏறத்தாழ 24 நிமிடம் குறைவு. ஆகவே அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மாதங்கள் பருவத்தை விட்டுப் பின்னே தள்ளிப்போகின்றன. ஆரியபட்டர் காலத்தில், 499ஐ ஒட்டி, சித்திரைப் பிறப்பும் பகலிரவு சமமாகும் நாளும் சேர்ந்து வந்தன. இன்று நடுவில் 24 நாள் இடைவெளி. ராஜராஜன் காலத்து ஆடி முதல் தேதி, பருவத்தின்படி, நம் காலத்து ஜூலைத் தொடக்கத்துக்கு ஒப்பானது. 'ஆயிரம் ஆண்டு அனுபவம்' என்று வாதிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆயிரம் ஆண்டில் ஆடியே அரை மாதம் நகர்ந்துவிட்டது என்றால், பட்டத்தை அவ்வப்போது சரிசெய்துகொண்டே வந்தவர்கள் உழவர்களாகத்தான் இருக்க வேண்டும், பஞ்சாங்கக்காரர்கள் அல்ல. இரண்டாவது தேய்வு வயலில் நடந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு டெல்டாவில் குறுவை நாளைத் தீர்மானிப்பது அணையின் நீர்மட்டம். தண்ணீர் இருந்தால் ஜூன் 12இல் திறப்பார்கள், இல்லாவிட்டால் திறக்க மாட்டார்கள். 1960களில் ஏடிடி 27, ஐஆர் 8 போன்ற குறுகியகால ரகங்கள் வந்தபோது பகல் நீளத்துக்கும் பூப்புக்கும் இருந்த முடிச்சும் பெரும்பாலும் அவிழ்ந்தது. விதைத்து இத்தனை நாளில் அறுவடை என்று எண்ணும் பயிருக்கு விதைத்த தேதி தெரிந்தால் போதும்.

இனி முன்பக்கம். நவநாயகர் என்று ஒன்பது பேரை எப்படி நியமிக்கிறோம் என்று தெரிந்தால் பலர் வியந்துபோவார்கள். பெரும்பாலான பதவிகளில், சூரியன் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நுழைகிற நாளின் கிழமை எதுவோ அந்தக் கிழமைக்குரிய கிரகம் அந்தப் பதவிக்கு வரும். கடகத்தில் நுழையும் கிழமைக்கு உரியவர் சஸ்யாதிபதி, தனுசுக்குத் தான்யாதிபதி, துலாத்துக்கு இரசாதிபதி, மகரத்துக்கு நீரசாதிபதி. திருவாதிரையில் நுழையும் கிழமைக்கு உரியவர் மேகாதிபதி. திங்கள், புதன், வியாழன், வெள்ளி வந்தால் பொதுவாக நல்ல சொல். ஞாயிறு, செவ்வாய், சனி வந்தால் குறைச்சொல். ஆண்டுக்கு ஒரு நாளும் கால் நாளும் கிழமை தள்ளும் என்பதால் இன்னும் நூறு ஆண்டுக்கான மேகாதிபதிகளை இப்போதே ஒரு தாளில் எழுதித் தந்துவிடலாம். இதில் வானத்தில் எதையும் பார்க்க வேண்டியதில்லை. கிழமை தெரிந்தால் போதும். அந்தக் கிழமையோ ராமநாதபுரத்துக்கும் நீலகிரிக்கும் ராஜஸ்தானத்துப் பாலைக்கும் ஒன்றே. இன்னொரு சங்கடமும் உண்டு. சூரியன் திருவாதிரையில் நுழைவது நாள் மாறும் எல்லையை ஒட்டி விழுந்தால், வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே உள்ள சில மணி நேர வித்தியாசத்தில் கிழமையே மாறும். ஒரு கடையில் செவ்வாய் மேகாதிபதி, பக்கத்துக் கடையில் புதன் மேகாதிபதி. பெய்யப்போகும் மழை ஒன்றுதான். மேகத்தின் வகையும் இப்படித்தான்: ஆவர்த்தம், சம்வர்த்தம், புஷ்கலம், துரோணம் என்ற நான்கில் எது என்பது ஆண்டின் எண்ணை நான்கால் வகுத்து வரும் மீதி.

மரக்கால் கணக்கை மட்டும் நான் இளக்காரமாகப் பேச மாட்டேன், ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு காலத்தில் உண்மையான அளவை இருந்தது. அர்த்தசாஸ்திரம் பண்டகசாலை வாசலில் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை மழைமானியாக வைக்கச் சொல்கிறது. துரோணம் என்ற கொள்ளளவுக் கணக்கில் வறண்ட நிலத்துக்கு 16, நீர்வளமுள்ள நிலத்துக்கு அதில் ஒன்றரைப் பங்கு, அசுமக நாட்டுக்குப் பதின்மூன்றரை, அவந்திக்கு 23 என்று வட்டாரம் வட்டாரமாக மழையளவும் தருகிறது. வராகமிகிரரும் பெய்த மழையைப் பாத்திரத்தில் பிடித்து ஆடகக் கணக்கில் அளக்கச் சொல்கிறார். அவர்கள் அளந்தது பெய்த மழையை. நம் பஞ்சாங்கத்தில் அதே வகை அலகு பெய்யாத மழைக்கு, நாடு முழுவதுக்கும் ஒரே எண்ணாக, எந்தப் பாத்திரமும் இல்லாமல் வந்து நிற்கிறது. அளவையின் சொல் மட்டும் பிழைத்திருக்கிறது, அளவை போய்விட்டது.

உடனே எழும் மறுப்பு எனக்குத் தெரியும்: 'பலித்திருக்கிறதே!' 2015இல் சென்னை மூழ்கிய பிறகு, அந்த மன்மத ஆண்டுப் பஞ்சாங்கத்தில் பெருமழை என்று போட்டிருந்ததைப் படமெடுத்து ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட ஐம்பது விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். அடுத்த ஆண்டு, துர்முகியில், 62 விழுக்காடு குறைவு. டெல்டாவில் சம்பா கருகியது. அந்தப் பஞ்சாங்கத்தை எடுத்து யாரும் படம்பிடிக்கவில்லை. ஓர் ஆண்டின் பலனில் பல வாக்கியங்கள் இருக்கும்: கடலோரத்தில் புயல், சில இடங்களில் மிகுமழை, சில இடங்களில் வறட்சி, மேற்கே வெள்ளம். எது நடந்தாலும் ஒரு வாக்கியம் கைகொடுக்கும். அப்படி எழுதுவதுதான் இந்தத் தொழிலின் கைத்திறன். அறுபது ஆண்டுச் சுழற்சி என்கிறார்கள். வியாழனும் சனியும் ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் சேர்வது வானியல் உண்மை, அழகான கணக்கும்கூட. ஆனால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் குரோதி ஆண்டில் வந்தது. அடுத்த குரோதி 2024இல் பிறந்தது. அந்த நவம்பர் கடைசியில் புதுச்சேரியைத் தாக்கிய ஃபெஞ்சலைக் காட்டி 'பார்த்தீர்களா' என்று ஒருவர் கேட்கலாம். கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: 2016இல் புயல் இல்லையா, 2018இல் கஜா இல்லையா? வங்கக் கடலோரத்தில் ஏதாவது ஒரு புயல் வந்துகொண்டேதான் இருக்கும். நம் வடகிழக்குப் பருவத்தை ஆட்டிப்படைப்பவற்றில் ஒன்று பசிபிக் கடலின் சூடு. எல் நினோ ஆண்டில் நமக்கு மழை கூடும் போக்கு உண்டு, 2015 அப்படிப்பட்ட ஆண்டு. அந்தச் சூடு இரண்டிலிருந்து ஏழாண்டுக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாமல் வருகிறது. அறுபதுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

'வானிலை நிலையம் மட்டும் தவறுவதில்லையா?' என்பது அடுத்த கேள்வி. தவறுகிறது, நன்றாகவே தவறுகிறது. 1886இல் இந்திய வானிலைத் துறையின் பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியைப் பார்த்துப் பருவமழைக்கு முதல் நீண்டகாலக் கணிப்பு வெளியிட்டதிலிருந்து எத்தனையோ ஆண்டுகள் பொய்த்திருக்கின்றன. பொய்த்தபோதெல்லாம் முறையை மாற்றினார்கள். பின்னாளில் அதே துறையில் இருந்த கில்பர்ட் வாக்கர் உலகின் பல மூலைகளின் காற்றழுத்தத்தைச் சேர்த்துப் புள்ளியியல் கணக்குக்குப் போனது அப்படித்தான். சொன்னது எத்தனை, பெய்தது எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அவர்கள் வெளியிடுகிறார்கள். எங்கள் தொழிலில் சென்ற ஆண்டுப் பலனை இந்த ஆண்டுப் பதிப்பில் சரிபார்த்து அச்சிடும் வழக்கமே கிடையாது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. அமெரிக்காவில் 1792 முதல் வரும் பழைய உழவர் பஞ்சாங்கம், தன் வானிலைக் கணிப்பின் சூத்திரத்தை ஒரு தகரப் பெட்டியில் ரகசியமாக வைத்திருப்பதாகச் சொல்கிறது, எண்பது விழுக்காடு பலிக்கும் என்றும் சொல்லிக்கொள்கிறது. 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதன் கணிப்புகளைச் சோதித்து, வெப்பமானாலும் மழையானாலும் பாதிக்குப் பாதிதான் சரி என்று கண்டது. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் கிடைக்கும்.

பஞ்சாங்கத்தில் மழையைப் பற்றிய ஒரே ஒரு பகுதிக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். அது மார்கழிக் கர்ப்போட்டம். மேகம் கருக்கொள்வதாகச் சொல்லும் காலம் அது: சூரியன் பூராடத்தில் நடக்கும் நாட்கள், டிசம்பர் 28, 29இல் தொடங்கி ஜனவரி 10, 11வரை. அந்தப் பதினான்கு நாளும் மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது, எந்த நேரத்தில் மூட்டம், தூறலா, காற்றா, பனியா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். மெல்லிய மூட்டமும் தூறலும் நல்ல குறி. அடைமழை பெய்தால் கர்ப்பம் கலைந்தது என்பார்கள். ஒவ்வொரு நாளும் பின்னே எந்த மாதத்து மழையைச் சொல்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். இது பலிக்குமா? வராகமிகிரர் கணக்கில் கருக்கொண்ட மேகம் 195ஆம் நாள் பெய்யும். அப்படி எண்ணினால் ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம்வரை வந்து நிற்கும். அது உஜ்ஜயினிக்குப் பொருந்துகிற காலம். தமிழகத்தின் பெருமழையோ ஐப்பசி, கார்த்திகையில். எனவே அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்தது சரியல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் நான் மதிப்பது முடிவை அல்ல, முறையை. இங்கே பஞ்சாங்கம் பலன் சொல்வதில்லை. 'இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை அண்ணாந்து பார்' என்று மட்டும் சொல்கிறது. பார்ப்பவர் உழவர், குறிப்பவர் உழவர், அடுத்த ஆடியில் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே. தவறினால் கணக்கை மாற்றிக்கொள்ள அவருக்கு இடம் இருக்கிறது. நவநாயகர் பலனில் அந்த இடம் யாருக்கும் இல்லை. இன்றைய பல பதிப்புகளில் கர்ப்போட்டத்துக்கு இரண்டு வரிதான், அதிலும் 'கர்ப்போட்டம் ஆரம்பம்', 'நிவர்த்தி' என்ற இரண்டு குறிப்புகள். நவநாயகருக்கோ பக்கம் பக்கமாக.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு நான் பார்த்த தொழில் மாற்றமே விடை. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பஞ்சாங்கத்தின் சுமை முழுவதும் எண்களில் இருந்தது. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵ என்று தனி அச்சுகள். குறுகிய கட்டத்துக்குள் நாழிகையும் விநாழிகையும். கோப்பவர் கை தவறி ஓர் எண் மாறினால் ஊரில் ஒரு சிராத்தம் தவறான நாளில் நடக்கும். ஆகவே கணிதத்துக்கும் மெய்ப்புக்கும் காலம் போய்விடும், பலன் எழுத இடமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. ஒரு பஞ்சாங்கத்தின் பெயர் அதன் கணிதத்தால் நின்றது. பிறகு கணினி வந்தது. 1997இல் சுவிஸ் எபிமெரிஸ் நிரல் வெளிவந்த பின் யார் வேண்டுமானாலும் ஓராண்டுத் திருக்கணிதத்தைச் சில நொடியில் எடுத்துவிடலாம். வாக்கியத்துக்கும் நிரல் எழுதிவிட்டார்கள். நாழிகை போய் மணி நிமிடம் வந்தது. எல்லார் கட்டத்திலும் ஒரே எண் என்றால் எதைக் காட்டி விற்பது? பலனைக் காட்டித்தான். சிவகாசித் தினசரி நாட்காட்டி வீட்டுக்கு வீடு வந்தபின் நெருக்கடி இன்னும் கூடியது. அவர்கள் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆங்கில ஆண்டுக்கான ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். அதற்கு முன்பே தாளுக்கு வேண்டிய குறிப்புகள் போய்ச் சேர வேண்டும். அந்தத் தாளில் உழவுக்கு என்று மிஞ்சியிருப்பது மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்ற அம்புக்குறிதான். இருபத்தேழு நட்சத்திரத்தை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, மேலே வளர்வதற்கு ஒன்று, கிழங்குக்கும் கிணற்றுக்கும் ஒன்று என்று வைத்த ஏற்பாடு அது. மண்ணில் ஈரம் இருக்கும் நாளைத் தள்ளிவிட்டு அம்புக்குறி மேலே பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்க எந்த உழவரும் ஒப்ப மாட்டார், ஒப்பவும் கூடாது.

'உழவர்கள் இதை நம்பி விதைப்பதில்லை, சடங்குக்குத்தான் பார்க்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று சொல்கிறவர்களின் வாதம்தான் இருப்பவற்றில் வலுவானது. சித்திரையில் நல்லேர் பூட்டவும் முதல் நாற்றுக்கும் புதிர் எடுக்கவும் நாள் பார்ப்பதை நானும் குறை சொல்லவில்லை. ஊர் கூடி ஒரு வேலையைத் தொடங்க ஒரு நாள் வேண்டும், அதைப் பஞ்சாங்கம் தருகிறது. ஆனால் முன்பக்கத்தைச் சடங்காக மட்டும் படிக்கிறார்கள் என்பது உண்மையில்லை. மழை குறையும் என்ற ஒரு வரி, மானாவாரி நிலம் வைத்திருப்பவர் கடலை விதைப்பதா கம்பு விதைப்பதா என்று தயங்கும்போது அவர் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. தயக்கத்தில் இருப்பவருக்கு அச்சில் வந்த சொல் கனமானது.

ஆகவே பஞ்சாங்கம் போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நவநாயகர் பலனை எடுக்க மனமில்லை என்றால் புத்தகத்தின் கடைசிக்குக் கொண்டுபோங்கள், சென்ற ஆண்டு எழுதியதையும் பெய்ததையும் பக்கத்தில் அச்சிடுங்கள். காலியாகும் முன்பக்கத்தில் உங்கள் மாவட்டத்தின் மாதவாரிச் சராசரி மழையைப் போடுங்கள், அரசு வெளியிடும் எண்தான், செலவில்லை. பகல் நீளத்தை மாதம் இரண்டு தடவை குறியுங்கள். மரபு நெல் போடுகிறவர்கள் மறுபடி பெருகிவருகிறார்கள், அவர்களுக்கு அது வேண்டும். மார்கழியில் கர்ப்போட்டத்துக்குப் பதினான்கு வெற்றுக் கட்டம் விடுங்கள்: மேகம், காற்று, மழை, அடுத்த ஆடியில் என்ன பெய்தது என்று நான்கு வரிசை போதும். எழுத வேண்டியதை உழவர் எழுதிக்கொள்வார்.